சிசிரிஸ் கடன் பதிவு சுத்தமாக இருந்தும் வீட்டுக் கடன் ஏன் கிடைக்கவில்லை?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கார் தவணையையும் கடன் அட்டையையும் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. சிசிரிஸ் அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இரண்டு வங்கிகள் என் வீட்டுக் கடன் மனுவை நிராகரித்துவிட்டன. என்னைப் பற்றிய பதிவு வேறு எங்கே இருக்கக்கூடும்?"

சகோதரி, மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா நடத்தும் சிசிரிஸ் கடன் பதிவேடு, வங்கிகளும் அதில் பங்கேற்கும் பிற நிறுவனங்களும் அனுப்பும் கடன், கடன் மனு விவரங்களையும், கடந்த 12 மாதங்களில் நீங்கள் தவணை கட்டிய விதத்தையும் மட்டுமே காட்டும். அதற்கு வெளியே நிற்கும் பாக்கி எதுவும் அதில் தெரியாது.

அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது, 2010ஆம் ஆண்டின் கடன் அறிக்கை முகவை சட்டத்தின் கீழ் இயங்கும் சிடோஸ், எக்ஸ்பீரியன் போன்ற தனியார் நிறுவனங்களின் அறிக்கைகளை. சிடோஸ் அறிக்கையில் உங்கள் மீது தொடுக்கப்பட்ட வழக்குகள், திவால் பதிவு, நீங்கள் இயக்குநராகவோ பங்குதாரராகவோ உள்ள நிறுவனங்கள் ஆகியவற்றோடு, உங்களிடமிருந்து பணம் பெற வேண்டிய, வங்கி அல்லாத தரப்பினர் பதிவு செய்யும் பாக்கிகளும் இடம்பெறும். நம் மக்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பது என் கருத்து. வீடு மாறியபோது கட்டாமல் விட்ட கைப்பேசிக் கட்டணமோ, அடுக்குமாடி நிர்வாகத்துக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகையோ பழைய முகவரிக்கே கடிதங்களாகப் போய்க்கொண்டிருக்க, உங்களுக்குத் தெரியாமலே அங்கே பதிவாகியிருக்கலாம். அண்ணனோ மாமாவோ கேட்டார்களே என்று ஒரு நிறுவனத்தில் இயக்குநராகக் கையெழுத்திட்டிருந்தால் அதையும் மறக்காமல் பாருங்கள்.

அந்த அறிக்கையை இணையத்தில் அடையாள அட்டை விவரங்களோடு பதிவு செய்து நீங்களே பெறலாம். பதிவில் பிழை இருந்தால் திருத்தக் கோரும் உரிமையைச் சட்டமே உங்களுக்குத் தருகிறது. பாக்கி உண்மையானதுதான் என்றால் அதைக் கட்டி முடித்து, முழுமையாகச் செலுத்தப்பட்டது என்ற கடிதத்தைப் பணம் பெற்றவரிடமிருந்து எழுத்தில் வாங்கி, அதை அறிக்கை தந்த முகவைக்கு அனுப்பிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பணம் கட்டியதோடு நின்றுவிடாதீர்கள்; அந்தக் கடிதம்தான் முக்கியம்.

காசோலை கொடுக்கும் பழக்கம் இருந்தால், திரும்பிய காசோலைகளுக்கென்று பேங்க் நெகாரா வைத்துள்ள டிசெக்ஸ் பதிவையும் சரிபாருங்கள்.

எல்லாப் பதிவும் சுத்தமாக இருந்தால், சம்பளத்தில் எவ்வளவு ஏற்கெனவே தவணைகளுக்குப் போகிறது என்பதே காரணமாக இருக்கலாம். அதை வங்கி அதிகாரியிடம் நேரடியாகக் கேளுங்கள், அல்லது கட்டணமின்றிக் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்பின் அலுவலகத்தை அணுகுங்கள். அதுவரை மூன்றாவது வங்கிக்கு மனுச் செய்ய வேண்டாம், ஏனெனில் முடிவாகாத மனுக்களை மற்ற வங்கிகள் சிசிரிஸில் காண முடியும்.