பி.எஸ்.4 லாரியை பி.எஸ்.6 ஆக மாற்ற முடியுமா?

கேள்வி: என்னுடையது 2018 மாடல் பி.எஸ்.4 (புகை மாசுக்கான 'பாரத் ஸ்டேஜ்' விதியின் 4-ம் கட்டம்) டாரஸ் லாரி. "இனி பி.எஸ்.6 வண்டிக்குத்தான் எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்கும். கிட் மாட்டி ஆர்.சி.யிலும் மாற்றித் தருகிறேன்" என்று ஒரு புரோக்கர் முன்பணம் கேட்கிறார். ஆட்புளூ (புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியா கரைசல்) ஊற்றாமலே ஓட ஒரு சின்னப் பெட்டி பொருத்தலாம் என்கிறார் மெக்கானிக். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டுமே வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பக் கேளுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 வண்டிகளைப் புதிதாக விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே முறைப்படி பதிவான வண்டியை அது தொடவில்லை. எந்த விதிப்படி உங்கள் இன்ஜின் தயாரானதோ, அந்த விதிப்படிதான் எஃப்.சி.யிலும் புகைச் சோதனையிலும் பார்ப்பார்கள். இந்த ஒரு வரியை ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் பாதி புரோக்கர்களுக்கு வேலை போய்விடும். ஏனோ யாரும் ஒட்டுவதில்லை.

கிட் விஷயத்துக்கு வருவோம். பி.எஸ்.4-ல் ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை அனுமதித்தார்கள். பி.எஸ்.6-ல் அது அரை கிராமுக்கும் கீழே. கரித்துகள் வடிகட்டி, ஆட்புளூ அமைப்பு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இன்ஜினோடு சேர்த்துச் சோதித்துத்தான் கம்பெனி சான்று வாங்குகிறது. பட்டறையில் எதையோ மாட்டிவிட்டால் அந்தச் சான்று வந்துவிடாது. ஆர்.சி.யில் திருத்தினால் அது மோசடி. மாட்டிக்கொள்பவர் நீங்கள், புரோக்கர் அல்ல.

அந்தச் 'சின்னப் பெட்டி' இன்னும் மோசம். ஆட்புளூ இருப்பதாக அது கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும், அவ்வளவுதான். புகை அப்படியே வெளியே போகும். கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. மாசு விதியை மீறினால் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ஆட்புளூவுக்குப் பதில் வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆட்புளூவில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய நீர். உர மூட்டையில் உள்ள கலப்புகள், கரைசலைத் தெளிக்கும் நாசிலை அடைத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். மிச்சம் பிடித்த காசு அதற்கே போதாது.

ஒரு விதிவிலக்கு: டெல்லி லோடு. 2025 நவம்பர் 1 முதல் வெளி மாநிலப் பதிவுள்ள சரக்கு வண்டி டெல்லிக்குள் நுழைய பி.எஸ்.6, சி.என்.ஜி., எல்.என்.ஜி. அல்லது மின்சார வண்டியாக இருக்க வேண்டும். பி.எஸ்.4-க்கு 2026 அக்டோபர் 31 வரை மட்டும் இடைக்கால அனுமதி. அதற்குள்ளும், பனிக்காலத்தில் காற்று மோசமானால் தனித் தடை வரும். அதை அறிவித்த கையோடு அமல்படுத்திவிடுவார்கள். பாதி வழியில் நிற்கும் லாரியைப் பற்றி யாருக்குக் கவலை? ஆகவே லோடு ஏற்றும் முன்பே, சரக்கு டெல்லிக்குள் இறங்குகிறதா, எல்லைக்கு வெளியிலா என்று புக்கிங் அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம் அண்ணே" என்ற வாய்வார்த்தை சோதனைச் சாவடியில் செல்லாது. டெல்லிப் பக்கமே போகாத வண்டி என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இப்போதைக்கு அரசின் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, பி.எஸ்.4 என்றே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே இருந்தால், எஃப்.சி.க்கு நீங்களே நேரில் வண்டியைக் கொண்டுபோங்கள்.