பால் குடித்ததால்தான் அப்பாவுக்குக் கை நடுங்குகிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. பார்க்கின்சன் நோய் என்று போன வருடம் சொன்னார்கள். அதற்காக லெவோடோபா என்ற மாத்திரை சாப்பிடுகிறார். "இத்தனை வருடம் பாலும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டதன் பலன்" என்று உறவினர் ஒருவர் சொன்னார். தேடிப் படித்தபோது பலரும் அதையே எழுதியிருந்தார்கள். பால், கோதுமை, சர்க்கரை மூன்றையும் நிறுத்தி மூன்று மாதமாகிறது. அப்பா ஆறு கிலோ இளைத்துவிட்டார். அம்மாவோ, "நான் சமைத்துப் போட்டதுதானே" என்று அழுகிறார். உணவுக்கும் நரம்பு நோய்க்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அம்மாவிடம் போய், அவருடைய சமையலால் இந்த நோய் வந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு. சில நோய்களில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் பரவலாக இருந்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-இல் அதை ஆராயப் போன ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனநல விடுதிகளில் இருந்த நோயாளிகளுக்கு வந்த இந்த நோய், அவர்களோடு நாள் முழுக்கப் பழகிய ஊழியர்களுக்கு வரவில்லை. இரண்டு தரப்பின் சாப்பாடும் வேறு. அநாதை விடுதிகளில் உணவை மாற்றிப் பார்த்தார், நோய் போய்விட்டது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். (அவர் மனைவியும் ஏற்றிக்கொண்டார். அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.) குறைந்திருந்தது நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937-இல்தான் தெளிவானது. இதில் உங்களுக்கான செய்தி ஒன்று இருக்கிறது: அந்த விடுதிகளில் அவர் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னவற்றில் பாலும் ஒன்று!

உணவே மருந்தாகும் இடமும் உண்டு. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும், இன்று எடை குறைக்கப் பலரும் பிடித்துக்கொண்டிருக்கும் கீட்டோ உணவுமுறை, 1921-இல் வலிப்பு நோய்க்காக உருவானது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு, மருத்துவமனைக் கண்காணிப்பில், இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

பார்க்கின்சன் கதை வேறு. கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது. மலச்சிக்கலும் வாசனை தெரியாமல் போவதும் முன்கூட்டியே வரலாம். வாசனை போனால் ருசி போகும், ருசி போனால் சாப்பாடே மாறும். ஆகவே, "நோய் வந்தவர்கள் முன்பு இதை அதிகம் சாப்பிட்டார்கள்" என்று ஓர் ஆய்வு சொன்னால், சாப்பாடு நோயைக் கொண்டுவந்ததா, உள்ளே பதுங்கியிருந்த நோய் சாப்பாட்டை மாற்றியதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பாலைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னது முழுக்கக் கற்பனை இல்லை. பால் பொருட்களை நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் சற்றே அதிகம் என்று சில நீண்டகால ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் நோய் வந்தபின் பாலை நிறுத்தினால் அதன் வேகம் குறையும் என்று யாரும் காட்டவில்லை. இப்படிப்பட்ட புள்ளிவிவரத் தொடர்புகள் சோதனைக்கு வரும்போது அடிக்கடி கைவிட்டுவிடும். காபி குடிப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நோயாளிகளுக்குக் காஃபீன் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நடுக்கமோ விறைப்போ குறையவில்லை. மறதி நோய்க்கு, கீரையும் கொட்டைப் பருப்புகளும் பெர்ரி பழங்களும் அதிகம் சேர்க்கும் 'மைண்ட்' என்ற உணவுமுறையைச் சொல்வார்களே, அதைக் கடைப்பிடித்தவர்களுக்கு நினைவாற்றல் மெதுவாகத்தான் குறைகிறது என்று 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. பிறகு 604 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் அந்த உணவுமுறைக்கு மாற்றி மூன்று வருடம் பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவில் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நடக்கவும் செய்கிறார்கள், ரத்த அழுத்தத்துக்கு ஒழுங்காக மருந்தும் சாப்பிடுகிறார்கள். பலன் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

சரி, அப்பாவுக்கு வருவோம். எனக்குக் கவலை அந்த ஆறு கிலோதான். பார்க்கின்சன் தானாகவே உடலை இளைக்க வைக்கும் நோய். அதன் மேல் நாமும் சாப்பாட்டைக் குறைத்தால் தசை போகும், நடை தள்ளாடும், விழுவார். பாலையும் கோதுமையையும் திரும்பக் கொடுங்கள். சர்க்கரை நோய் இல்லையென்றால் கொஞ்சம் இனிப்புக்கும் தடையில்லை.

அவருக்கு என்ன கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்று பாருங்கள். புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து உள்ளே போக ஒரே வாசலில் முட்டிமோதுகின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரையைப் போட்டால் பலருக்கு நன்றாக வேலை செய்யும். குமட்டல் இருந்தால் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இதைக் கேட்டுவிட்டுப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள்! மலச்சிக்கலையும் சும்மா விடக் கூடாது. தண்ணீரும் நார்ச்சத்தும் கொடுங்கள்.

ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது குறைந்தால் கால் மரத்துப்போகும், தள்ளாட்டமும் மறதியும் வரும். நோய்தான் முற்றுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியது. லெவோடோபா சாப்பிடுபவர்களிடமும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களிடமும் இந்தக் குறையைப் பார்க்கலாம். அதற்காகக் கண்ட வைட்டமின் மாத்திரையையும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

சாப்பிடும்போது புரை ஏறுகிறதா, இருமல் வருகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், எப்போது உடல் இலகுவாக இருந்தது, எடை எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப் போங்கள். அந்தத் தாளை அம்மாவை எழுதச் சொல்லுங்களேன்.