‘யோசிக்காதே, அப்படியே அடி’

கேள்வி: அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டின் சிந்தனை பற்றி நான்கு ஆண்டுகளாக ஒரு நூல் எழுதிவருகிறேன். சர்வாதிகாரம் குறித்த 1951-ஆம் ஆண்டு நூலில் முற்றான தீமை என்று பேசியவர், யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கைப் பற்றிய 1963-ஆம் ஆண்டு நூலில் தீமை சாதாரணமானது என்கிறார். எதை ஏற்பதென்று புரியாமல் ஐந்தாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகள்தான் இரவில் தட்டச்சு செய்து தருகிறாள். ‘உத்தரவுக்குப் பணிந்தவன் என்றால், தப்பியோடிய பிறகும் ஐக்மன் ஏன் பெருமையடித்துக்கொண்டான்?’ என்று ஒருநாள் கேட்டாள். ‘யோசிக்காதே, அப்படியே அடி’ என்று சொல்லிவிட்டேன். நான் எந்த நிலைப்பாட்டை எடுக்கட்டும்?

பதில்: எழுத்து நின்றுவிட்டதென்று எனக்கு வரும் கடிதங்களில் பல, வீட்டில் ஒருவரை வாயடைத்த கதையைப் போகிறபோக்கில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. உங்களுடையதும் அந்த வகைதான்.

1961-இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருந்த ஐக்மனிடம் ஆரெண்ட் கண்ட பெருங்குறை முட்டாள்தனம் அன்று. யோசிக்காமை, பிறர் இடத்தில் நின்று பார்க்க இயலாமை. இதையே நான்கு ஆண்டுகள் படித்த நீங்கள், பெற்ற மகளிடம் ‘யோசிக்காதே’ என்கிறீர்கள். உங்களை அவனோடு ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீடு இறந்தவர்களை அவமதிப்பதாகும். ஆனால் படித்தது உங்கள் மேசையைத் தாண்டவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் கேட்டது சில்லறைக் கேள்வியா? அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த ஐக்மன், 1957-இல் வில்லெம் சாஸன் என்ற நாஜி ஆதரவாளரின் ஒலிப்பதிவுக் கருவி முன் தன் செயல்களைப் பெருமையாகவே பேசினான். அந்தப் பதிவுகள் ஆரெண்டுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அவற்றை ஆராய்ந்து பெட்டினா ஸ்டாங்நெத் 2011-இல் எழுதிய நூல், நீதிமன்றத்தில் அவன் காட்டிய குமாஸ்தா முகம் வேடம் என்று வாதிடுகிறது. நீங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் சுவரை உங்கள் மகள் ஒரே வரியில் தொட்டுவிட்டாள்.

நிலைப்பாடு கேட்டீர்கள். தன் மனம் மாறியதை ஆரெண்டே தன் நண்பரான யூத அறிஞர் ஷோலெமுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார்: தீமைக்கு ஆழமில்லை, பூஞ்சைபோல் மேற்பரப்பில் படர்வது அது என்றார். அவர் மாற்றிக்கொண்டதை மாற்றம் என்றே எழுதுங்கள்; ஒட்டுப்போடாதீர்கள்.

பெற்றோர் சொல்லைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று நம்பும் பழைய ஆள் நான். ஆனால் கீழ்ப்படிவது குழந்தைதான், வளர்ந்தவர் கீழ்ப்படிவதாகச் சொல்வது உண்மையில் ஆதரவளிப்பதே என்று ஆரெண்ட் 1964-இல் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் மகள் குழந்தை அல்லள். கண்விழித்து உழைப்பவளுக்குப் பதில் சொல்லும் கடமை தகப்பனுக்கு உண்டு. நன்றியுரையில் பெயரைப் போட்டு அதைத் தீர்த்துவிட முடியாது. இன்றிரவு அவளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் நீங்கள் அமருங்கள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி சொல்லட்டும், நீங்கள் அடியுங்கள்.