ஆமை முட்டையும் அடுப்படியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடலாமை முட்டைகளைக் காக்கும் தன்னார்வக் குழுவில் இந்தப் பருவத்தில் சேர்ந்திருக்கிறேன். இரவெல்லாம் கடற்கரையில் நடந்துவிட்டு வீடு திரும்ப விடிந்துவிடும். அந்த நாட்களில் பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது என் கணவர்தான். "ஆம்பளைய அடுப்படியில விட்டுட்டு ஆமை முட்டை பொறுக்கப் போறா" என்கிறார் மாமியார். அது பழகிவிட்டது. தோழி சொன்னதுதான் உறுத்துகிறது: "பிள்ளை வளர்த்தது போதாதென்று ஆமையையும் பறவையையும் நாமே வளர்க்கணுமா? சம்பளமில்லாத வேலை எப்பவும் நம்ம தலையிலதான் விடியும்." அவள் சொல்வது சரியா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. பெண் என்றாலே இயற்கையின் தாய் என்று மேடையில் பேசுபவர்களை நானும் நம்புவதில்லை. அப்படிப் புகழ்ந்துதான் கூலியில்லாமல் வேலை வாங்குவார்கள்.

ஆனால் அசாமின் ஹார்கிலா நாரைகளைப் பாருங்கள். கிட்டத்தட்ட ஐந்தடி உயரம், அழுகிய இறைச்சி தின்னும் பறவை. அது கூடு கட்டுவது பெரும்பாலும் ஊருக்குள், வீட்டுக் கொல்லை மரங்களில். எச்சமும் இறைச்சித் துண்டுகளும் முற்றத்தில் விழுந்து நாறும். பொறுக்க மாட்டாமல் மரத்தையே வெட்டிவிடுவார்கள். 2007இல் அப்படி ஒரு மரம் சாய்ந்து குஞ்சுகள் தரையில் கிடந்தன. தட்டிக்கேட்ட உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மனை ஊரார் சூழ்ந்துகொண்டு கேலி செய்தார்கள். அவ்வளவு அக்கறை இருந்தால் வீட்டு வேலைக்காரியாக வந்து இதையெல்லாம் சுத்தம் செய் என்றார்கள்.

சிக்கல் முழுவதும் அந்தக் கேலிக்குள் இருக்கிறது. முற்றம் பெருக்குவது பெண். மரத்தை வெட்டலாமா என்று முடிவெடுப்பது ஆண். பூர்ணிமா பெருக்குகிறவர்களிடம் போனார். சமையல் போட்டி வைத்துப் பெண்களைக் கூட்டினார். கர்ப்பிணிக்குச் செய்யும் சடங்கைக் கூடு கட்டிய நாரைக்குச் செய்ய வைத்தார். மரத்தடியில் வலை கட்டி, விழும் குஞ்சுகளைத் தாங்கினார்கள். ‘ஹார்கிலா படை’யில் இன்று 10,000க்கு மேற்பட்ட பெண்கள். தாதரா, பசாரியா, சிங்கிமாரி கிராமங்களில் 28ஆக இருந்த கூடுகள் 250ஐத் தாண்டின. 2023இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், அதன் சிவப்புப் பட்டியலில் ‘அழியும் ஆபத்தில்’ இருந்த இந்த நாரையை ‘அச்சுறு நிலையை அண்மித்த’ இனமாக மாற்றியது.

இதையும் கூடுதல் சுமை என்று தோழி சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைத்தன. சேலையிலும் கமோசா என்னும் அசாமியத் துண்டிலும் ஹார்கிலாவை நெய்து விற்கிறார்கள். வருமானம் வந்தது, நாலு பேர் முன்னால் பேசும் துணிவு வந்தது. கொல்லை மரத்தைப் பற்றி அவர்கள் சொல்லும் வார்த்தைக்கு வீட்டில் எடை கூடினால்தான் கூடு தப்பும் என்பது என் எண்ணம்.

தென்னாப்பிரிக்காவின் ‘பிளாக் மாம்பாஸ்’ இன்னொரு வகை. 2013இல் தொடங்கிய இந்தப் பெண்கள் படை, காண்டாமிருக வேட்டையைத் தடுக்கத் துப்பாக்கி இல்லாமல் ரோந்து போகிறது. இது சீருடையும் சம்பளமும் உள்ள வேலை. தொடர்ந்து பல நாள் காட்டில் தங்குகிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி: அந்த நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார்? பாட்டி என்றால், வேலை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குக் கைமாறியது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அது கணவரிடம் போயிருக்கிறது. தோழி இதைக் கவனிக்கவில்லை. மாமியாரோ கவனித்துவிட்டார், அதனால்தான் கோபம்! காலையில் அப்பா தோசை சுட்டுத் தலைவாரி அனுப்புவதைப் பார்த்து வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு, அது யாருடைய வேலை என்ற கேள்வியே எழாமல் போகலாம்.

தோழி சொன்னதில் சரியான பாதியை, சம்பளமில்லாத வேலை பற்றியதை, குழுவிடம் கொண்டுபோங்கள். இரவு நடைக்கு வழிச்செலவாவது தருகிறார்களா? எந்த இடத்தில் பொரிப்பகம் போடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடுகிறார்களா? இல்லையென்றால் அடுத்த பருவத்துக்கு முன்பே கேளுங்கள். தோழியையும் கூட அழைத்துப் போங்கள். கேட்க வேண்டியதை அவர் நன்றாகவே கேட்பார்.