கண் விழிக்கும்போதே தலைவலி: எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 44. நான்கு மாதமாக வாரத்தில் ஐந்து நாளாவது கண் விழிக்கும்போதே தலை வலிக்கிறது. நெற்றியின் இரண்டு பக்கமும் அழுத்துவது போல இருக்கும். பாராசிட்டமால் போட்டால் பத்து மணிக்குள் விட்டுவிடும். பிரஷர், கண் இரண்டும் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. எட்டு மணி நேரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை. பலமாகக் குறட்டை விடுகிறேன் என்று மனைவி சொல்கிறார். மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: காலைத் தலைவலி என்றதும் பலருக்கும் அந்தப் பயம்தான் முதலில் வருகிறது. ஆனால் கட்டியால் வரும் தலைவலி பெரும்பாலும் தனியாக வராது. வாந்தி, பார்வைக் குழப்பம், வலிப்பு, கை கால் பலவீனம் என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். வாரத்துக்கு வாரம் வலி ஏறிக்கொண்டும் போகும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. என் கண்ணில் பட்டவை வேறு இரண்டு: குறட்டை, அப்புறம் அந்த மாத்திரை.

குறட்டையோடு, தூங்கியும் தீராத களைப்பும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும். பத்து வினாடியோ அதற்கு மேலோ காற்றுப் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அரை விழிப்புக்கு வந்து மூச்சை இழுக்கும். இப்படி ஒரு மணி நேரத்தில் ஐந்து முறைக்கு மேல் நடந்தால் அது நோய்க்கணக்கு. சிலருக்கு முப்பது தடவையைத் தாண்டும், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. இதனால் வரும் தலைவலி இரண்டு பக்கமும் அழுத்தும், குமட்டல் இருக்காது, எழுந்து நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுடையதோடு பொருந்துகிறது, இல்லையா? குறட்டை நடுவில் சட்டென நின்று, பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் தூக்கப் பரிசோதனைக்குத் தள்ளிப்போடாமல் போங்கள். மூச்சுத்தடை உறுதியானால், இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபேப் கருவி நன்றாக உதவும். எடை கூடியிருந்தால் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், படுக்கும் முன் மது அருந்தாமல் இருப்பதும் பலன் தரும். தூக்க மாத்திரையை நீங்களாகப் போடவே கூடாது. தொண்டை இன்னும் தளர்ந்துபோகும்.

அடுத்தது பாராசிட்டமால். வாரத்துக்கு ஐந்து என்றால் மாதத்துக்கு இருபது நாள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். பல மருந்து சேர்ந்த கலவை மாத்திரைகளுக்கும், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டிரிப்டான் வகைக்கும் 10 நாளே எல்லை. இரவு முழுக்க மருந்து இல்லாமல் இருப்பதால் வலி விடியலில் தலைகாட்டும். நாம் மறுபடி மாத்திரையைத் தேடுவோம். பாராசிட்டமால் மட்டும்தான் என்றால் ஒரேயடியாக நிறுத்தலாம். முதல் பத்து நாள் வலி கூடலாம், அதற்குத் தயாராக இருங்கள். கோடீன் போன்ற அபின் வகை வலி மருந்து கலந்த மாத்திரை என்றால் மருத்துவர் சொல்கிறபடிதான் நிறுத்த வேண்டும். பிறகும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

வேறு காரணங்களும் உண்டு. எழும்போது தாடையும் நெற்றிப்பொட்டும் வலித்தால் தூக்கத்தில் பல்லைக் கடிப்பவராக இருக்கலாம். பல் மருத்துவர் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். நிறையக் காபி குடிப்பவருக்கு இரவு இடைவெளியே தலைவலியாகும், ஒரு வாய் காபியில் விட்டும்விடும். அதைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒற்றைத் தலைவலியும் விடியற்காலையில் தொடங்கும் பழக்கம் உள்ளதுதான். குமட்டலும் வெளிச்சம் பிடிக்காமையும் இருந்தால் அதை நினைக்க வேண்டும். 'சைனஸ்' என்று பலர் சொல்லிக்கொள்வதும் பல நேரம் இதுவே. வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி வந்து, வெளியே போனதும் குறைந்தால், உடனே எல்லோரும் வெளியேறுங்கள். அடுப்பு, ஹீட்டரிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவாக இருக்கலாம், உயிருக்கு ஆபத்து.

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு வலி, எங்கே, எப்போது விட்டது, என்ன மாத்திரை, முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள். ஸ்கேனை விட இந்தத் தாள் பல முறை எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

ஆனால் இடி விழுந்தது போல் திடீரென உச்சத்துக்குப் போகும் வலி, பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, படுத்தாலோ இருமினாலோ கூடும் வலியோடு வாந்தி, இவற்றில் எது வந்தாலும் குறிப்பு எழுதிக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை வலித்தாலும் அப்படித்தான். ரத்தக் குழாய் அழற்சியாக இருந்தால் தாமதம் பார்வையையே பறித்துவிடும்.