விளையாட்டைப் பார்க்கும் பத்து நிமிடங்கள்

வணக்கம்.

மழலையர் பள்ளியில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். விளையாட்டுவழிக் கற்றல் பற்றிய பயிற்சி முகாம்களுக்குப் போய்வந்து, வகுப்பறைச் சுவர்களைப் படங்களால் நிறைத்தேன். விளையாட்டு மூலைகள் அமைத்தேன். ஆனாலும் குழந்தைகள் எதிலும் நிலைக்காமல் ஓடுகிறார்கள். ஒருவன் அடுக்கிய கட்டைகளை இன்னொருவன் தட்டிவிடுகிறான். சிலர் சும்மா நின்று பார்க்கிறார்கள். அடுத்து எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அடுத்த பயிற்சியை உங்கள் வகுப்பறையிலேயே தொடங்குங்கள். முகாமில் கேட்டவை சரியாகவே இருக்கலாம். ஆனால் அங்கே பேசியவர்களுக்கு உங்கள் அறையின் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாதே! கட்டைகள் இருக்கும் மூலை குழந்தைகள் நடந்துபோகும் வழியில் இருந்தால் கோபுரம் சரியத்தான் செய்யும். அந்தப் பையனைக் கண்டித்துப் பயனில்லை. கட்டை மூலையை ஓர் ஓரத்துக்கு மாற்றி, தாழ்வான அலமாரிகளால் மறைத்துப் பாருங்கள். அறை நடுவே நீண்ட வெற்றிடம் கிடந்தால் அந்த வயதுக் கால்கள் ஓடும். வெளியே ஓட நேரம் கொடுங்கள். உள்ளே அந்த வெற்றிடத்தைப் பிரித்துவிடுங்கள்.

சுவர்ப் படங்களில் பாதியையாவது எடுத்துவிடலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அலங்காரம் மிகுந்த அறையில் பாடம் கேட்ட மழலையர் வகுப்புக் குழந்தைகளின் கவனம் அதிகம் சிதறியது. அவர்கள் கற்றதும் குறைவு. சிறிய ஆய்வுதான் என்றாலும் புறக்கணிக்கக்கூடியது அல்ல. மிஞ்சும் இடத்தில் குழந்தைகள் வரைந்ததை அவர்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள்.

சும்மா நிற்கும் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் குழந்தைகள் விளையாட்டில் பங்கேற்கும் விதங்களை வகைப்படுத்தியபோது, பிறர் ஆடுவதைக் கவனிப்பதையும் ஒரு வகையாகவே சேர்த்தார். அந்தக் குழந்தை ஆட்டத்தின் விதிகளைக் கண்ணால் படித்துக்கொண்டிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

இவற்றையெல்லாம் அறிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தினமும் பத்து நிமிடம், ஒரே மூலையில், குறுக்கிடாமல் உட்காருங்கள். "மகிழ்ச்சியாக விளையாடினான்" என்று எழுதாதீர்கள். அது உங்கள் தீர்ப்பு. "இரண்டு கட்டைகளுக்கு மேல் நீளக் கட்டையை வைத்தான், விழுந்தது, கட்டைகளை நெருக்கி வைத்தான், நின்றது" என்று எழுதுங்கள். தூரம், நீளம், சமநிலை எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன. அந்த நேரத்தில் "இது என்ன நிறம்?" என்று நாம் கேட்டால், பாலம் கட்டுகிறவனைப் பரீட்சைக்கு இழுத்துவிடுகிறோம். இந்தக் கேள்வி எனக்கு உண்மையாகவே கோபமூட்டுகிறது. அவன் கையில் அதைவிடப் பெரிய கேள்வி இருக்கிறது!

ஒரு நாள் முகாமில் கைதட்டிவிட்டுக் கலைவதால் வகுப்பறை மாறுவதில்லை. கற்றதைச் செய்துபார்க்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் வேண்டும். சக ஆசிரியை ஒருவரோடு நோட்டை மாற்றிப் படியுங்கள். அவர் உங்கள் வகுப்பில் உட்காரட்டும், நீங்கள் அவர் வகுப்பில் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும். அடுத்த முகாமுக்கான கட்டணத்துக்குப் பதிலாக, வாரத்தில் ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்து உட்கார அனுமதிக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள்.

அன்புடன்.