கடலூர் கடற்கரையில் உருளும் முள்பந்து என்ன?

நீங்கள் கேட்ட அந்த முள்பந்து கடல் உயிரி இல்லை, ஒரு காட்டுப்புல்லின் பூங்கொத்து. பெயர் ராவணன் மீசை. தொட்டுப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும், வெறுங்காலோடு மிதித்துவிடாதீர்கள்!

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. முதிர்ந்த பெண் பந்து ஒடிந்து, காற்றில் உருண்டுகொண்டே விதைகளை உதிர்க்கும். அப்புறம், மணலில் நீளமாகப் படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துவைக்கும். மணல்மேடு வளர்வது இப்படித்தான்.

இந்தப் புல்லின் பேரினத்தில் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் குழுவில்) சில இனங்களே உண்டு, பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில். நம்முடையது இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவியது.

மணல்மேடுகளுக்கு மத்திய அரசின் 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் கடற்கரையைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று இந்தப் புல்லைப் பிடுங்குகிறார்கள், அதுதான் எரிச்சல்.